மூளிச் சிப்பாய் எதனால் வருகிறான்? வீட்டு வார்ப்பு, வண்ணப்பூச்சு: அனுபவப் பகிர்வு

ரப்பர் அச்சில் ஈயமோ (லெட்) வெள்ளீயமோ (டின்) ஊற்றிப் பொம்மைச் சிப்பாய் எடுப்பவர்கள் அவரவர் கண்டதை இங்கே எழுதலாம். "சூப்பராக வந்தது" என்பதோடு நிறுத்தாமல், எது கெட்டது, எதனால் கெட்டது, எந்த அளவில் சரியானது என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

தொடங்கி வைக்கிறேன். கெட்டுப்போன வார்ப்பை அவசரப்பட்டு உருக்குச் சட்டியில் திருப்பிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், காரணம் அதன் மேலேயே தெரியும். தோல் சுருங்கி வரிவரியாக இருந்து, விரல்கள் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று நின்றால், உலோகமோ அச்சோ போதுமான சூட்டில் இல்லை. உருவம் முழுசாக வந்து, மேல்பரப்பு மட்டும் சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. குதிரை வயிறு, முதுகுப்பை மாதிரித் தடித்த இடங்களில் சொட்டை விழுந்தால், அந்த இடம் கடைசியாக இறுகிச் சுருங்கும்போது மேலிருந்து இறங்கி நிரப்ப உலோகம் இல்லை என்று பொருள். ஊற்று வாயை விளிம்புவரை நிரப்பி, இறுகும்வரை அச்சை அசைக்காமல் வைத்தால் பாதி குறையும். துப்பாக்கி முனையோ வாள் நுனியோ பாதியில் நின்று, நின்ற இடம் உருண்டையாகப் பளபளத்தால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. அதற்குச் சூட்டை ஏற்றிப் பயனில்லை.

வெள்ளீயக் கலவைக்குச் சட்டியில் 280 முதல் 320 டிகிரி செல்சியஸ் வைத்தால் பெரும்பாலான அச்சுகளுக்குச் சரிப்படும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் காய்ந்த தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை உருக்கில் இரண்டு மூன்று விநாடி தோய்த்துப் பாருங்கள். மெல்லப் பழுப்பேறினால் பதம். நிறமே மாறாவிட்டால் இன்னும் காய வேண்டும். தொட்டதும் கருகிப் புகைந்தால் அடுப்பைக் குறைக்க வேண்டும்.

*

உலோகம் பற்றி நான் சொல்றேன். இதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிப் புது ஆட்களைக் குழப்பிடறாங்க.

சுத்த வெள்ளீயம் 232 டிகிரில உருகும், சுத்த ஈயம் 327ல உருகும். ரெண்டையும் கலந்தா ரெண்டையும்விடக் கீழே இறங்கும். வெள்ளீயம் 62, ஈயம் 38 என்ற விகிதத்துல 183 டிகிரிக்கே உருகிடும். பழைய சால்டர் கம்பி எல்லாம் ஏறக்குறைய இந்தக் கலவைதான். நல்லா ஓடும், நுணுக்கமான இடமெல்லாம் நிரம்பும். ஆனா மெல்லிய வாள், ஈட்டியெல்லாம் தொட்டா வளையும். அதுக்குத்தான் ஆன்டிமனிங்கிற உலோகத்தைச் சேர்க்கிறது. சில சதவீதம் சேர்த்தாலே கெட்டிப்படும், இறுகும்போது சுருங்குறதும் குறையும். ஈயமே இல்லாத பியூட்டர்ல வெள்ளீயம் 90 சதவீதத்துக்கு மேல, மீதி ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். விலை கூட, ஆனா குழந்தைங்க கையில கொடுக்கப்போற பொம்மைன்னா வேற பேச்சே இல்லை, இதுதான். ஈயம் கலந்ததை அலமாரியோட நிறுத்திக்குங்க.

பிஸ்மத் கலந்தா உருகுநிலை இன்னும் இறங்கும். பிஸ்மத் 58, வெள்ளீயம் 42ன்னா 138 டிகிரி. பிஸ்மத் இறுகும்போது சுருங்காம விரியுற உலோகம், அதனால நுணுக்கம் நல்லாப் பதியும். ஆனா நொறுங்கும். கீழே விழுந்தா கணுக்கால் உடையும், நிமிர்த்தலாம்னு வளைச்சா படக்குன்னு போயிடும். குதிரைக்குச் சரி, ஈட்டி வீரனுக்கு வேண்டாம். ரொம்பக் குறைஞ்ச சூட்டுல உருகுதுன்னு விக்கிற வேற சில கலவைகள்ல காட்மியம்ங்கிற நச்சு உலோகம் இருக்கும். அதைத் தொடவே தொடாதீங்க.

பழைய இரும்புக் கடைச் சாமான்ல எச்சரிக்கையா இருக்கணும். வண்டிச் சக்கரத்துல ஒட்டுற எடைக்கட்டில சிலது துத்தநாகம். அது 419 டிகிரிலதான் உருகும். நீங்க சூட்டை ஏத்தி அதையும் கரைச்சுட்டா மொத்தச் சட்டியும் கூழாயிடும், மேலே தடிச்ச ஆடை படிஞ்சு மெல்லிய இடத்துக்கு ஓடவே ஓடாது. பிரிச்செடுக்கவும் முடியாது. அதனால முதல்ல சூட்டை 350க்குக் கீழேயே வச்சு, உருகாம மிதக்குற துண்டை எல்லாம் கரண்டியால வாரி எடுத்துடுங்க.

ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு உலோகம்னு கேக்குறாங்க. கைவசம் ஒரு பொம்மை இருந்தா அளவுக் குவளைத் தண்ணில முக்கிப் பாருங்க. 6 மில்லி ஏறினா, வெள்ளீயம்னா 7.3ஆல பெருக்கி சுமார் 44 கிராம், ஈயம்னா 11.3ஆல பெருக்கி 68 கிராம். ஊற்று வாய்ல நிக்கிறதுக்குப் பாதி அளவு கூடச் சேர்த்துக்குங்க. சட்டில இதைப்போல நாலு மடங்காவது இருந்தாத்தான் கரண்டில அள்ளும்போது சூடு இறங்காம இருக்கும்.

*

54 மில்லிமீட்டர் உயர உருவத்துக்கான ரப்பர் அச்சு, காலாட்படை வீரன். உடம்பு, முகம், பொத்தான் எல்லாம் தெளிவாக வருகிறது. தோளில் சாய்த்த துப்பாக்கியின் கத்திமுனை மட்டும் 5 மில்லிமீட்டர் குறைந்தே வருகிறது. 340 வரை ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. என்ன செய்யலாம் சார்?

*

மேலே கேட்டவருக்கு. நின்ற இடம் உருண்டையா, பிய்ந்த மாதிரியா? உருண்டை என்றால் காற்றுதான். சூட்டை 300க்கு இறக்கிவிட்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பவுடர். மென்மையான தூரிகையால் அச்சின் இரண்டு பாதியிலும் டால்கம் பவுடரைத் தடவி, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி மிச்சத்தை உதிர்த்துவிடுங்கள். பவுடர் வழுக்கலுக்காக மட்டும் இல்லை. அந்த மெல்லிய தூள் அடுக்கின் இடைவெளியில்தான் காற்று வெளியேறுகிறது, உலோகமும் ரப்பரோடு ஒட்டித் தயங்காமல் வழிந்து இறங்குகிறது. அதிகம் போட்டால் முகம் மழுங்கும். ஐந்தாறு வார்ப்புக்கு ஒரு முறை போதும்.

அடுத்து, அச்சை இறுக்கும் விதம். இரண்டு பக்கமும் 6 அல்லது 9 மில்லிமீட்டர் பலகை வைத்து, ரப்பர் வளையமோ ஸ்பிரிங் கிளாம்ப்போ போடுவது வழக்கம். இரண்டு பாதிக்கும் நடுவே உலோகம் கசிந்து பிசிறு வருகிறது என்று பயந்து முறுக்கினால் ரப்பர் நசுங்கிக் காற்று வழியெல்லாம் அடைபடும், சிப்பாயும் தட்டையாவான். லேசாகப் பிசிறு வரும் அளவுக்குத் தளர்வாக இருப்பதே நல்லது. பிசிறை இரண்டு நிமிடத்தில் சுரண்டிவிடலாம், வராத கத்திமுனையை ஒட்டவைக்க அரை நாள் ஆகும்.

பிறகு ஊற்றும் கை. சொட்டுச் சொட்டாக ஊற்றாமல் ஒரே ஒழுக்காக ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அச்சைச் சற்றே சாய்த்து, நிரம்ப நிரம்ப நிமிர்த்தி, நிரம்பியதும் மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள். சிக்கிய குமிழி மேலே ஏறும்.

இத்தனைக்கும் வராவிட்டால்தான் கத்தியை எடுக்க வேண்டும். கத்திமுனையின் நுனியிலிருந்து அச்சின் ஓரம் வரை, கூர்நுனி உள்ள 11ஆம் எண் பிளேடால் வி வடிவத்தில் ஒரு கீறல், அரை மில்லிமீட்டர் ஆழம். ஒரு பாதியில் மட்டும் போட்டால் போதும். கீறல் மேல்நோக்கி ஓட வேண்டும், கீழே இறங்கி வளைந்தால் அதற்குள்ளேயே காற்று நிற்கும். ஊற்றிப் பாருங்கள். கீறலுக்குள் முடி அளவுக்கு உலோகம் ஏறி நின்றால் வேலை முடிந்தது. ஏறவில்லையென்றால் இன்னும் கால் மில்லிமீட்டர் ஆழப்படுத்தலாம். எடுத்த எடுப்பில் 2 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டால் உலோகம் அதன் வழியே ஓடி வெளியே கொட்டும், வெட்டிய ரப்பரை ஒட்டவும் முடியாது.

இன்னொன்று: ஆறின அச்சில் முதல் இரண்டு மூன்று வார்ப்பு எப்போதும் மூளியாகத்தான் வரும். அவை அச்சைச் சூடாக்க மட்டும். நான்காவதிலிருந்து கணக்கு வையுங்கள். எட்டு பத்து தொடர்ந்து ஊற்றினால் நிலைமை தலைகீழாகி, அச்சு சூடேறிப் போய் இறுகத் தாமதமாகும், சொட்டை விழும். அப்போது பிரித்து ஆறவைத்துவிட்டு வேறு அச்சை எடுங்கள். ஊற்று வாயில் பளபளப்பு மங்கியதும் இறுகிவிட்டது என்று பிரிக்கத் தோன்றும். கூடுதலாக ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே இறுகியிருக்கும், குதிரை வயிற்றில் இறுகியிருக்காது.

*

யாரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லையே!

உருகிய உலோகத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அது நொடியில் நீராவியாகிச் சட்டியில் இருப்பதை வாரி இறைக்கும். ஈரக் கரண்டி, கழுவி வைத்த பழைய வார்ப்பு, நெற்றி வியர்வை எதுவானாலும் ஒன்றுதான். புதுக் கட்டியைச் சட்டியில் போடும் முன் சட்டி விளிம்பில் பத்து நிமிடம் வைத்துக் காயவிடுங்கள். கரண்டியையும் அப்படியே. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. செயற்கை இழைத் துணி தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

ஈயம் ஊற்றுகிறவர்கள் ஆவிக்குப் பயப்படுகிறார்கள். 350 டிகிரியில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. உண்மையான ஆபத்து மேலே படியும் சாம்பல் நிறக் கசடுதான். அதை வழித்துக் கொட்டும்போது பறக்கும் தூசி, அரம் போட்ட தூள், கழுவாத கை வழியாகத்தான் ஈயம் வாய்க்குப் போகும். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சமையல் பாத்திரத்தையோ சமையல் அறையையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

கசடெல்லாம் கழிவு இல்லை, அதில் நல்ல உலோகமும் மாட்டியிருக்கும். பட்டாணி அளவு தேன்மெழுகைப் போட்டுக் கிளறினால் ஆக்சைடில் ஒரு பகுதி மறுபடி உலோகமாகிச் சட்டிக்குள் இறங்கும், மிஞ்சுவது காய்ந்த தூளாக மேலே நிற்கும். மெழுகுப் புகை சட்டெனத் தீப்பற்றும், முகத்தைத் தள்ளி வைத்துக் கிளறவும். சன்னல் திறந்திருக்கட்டும்.

*

ரப்பர் அச்சு மட்டும்தான் பேசுறீங்க. அலுமினிய அச்சு, பித்தளை அச்சு வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு வார்த்தை.

உலோக அச்சு சூட்டை உடனே உறிஞ்சிடும். ஆறின அச்சுல ஊத்தினா பாதி கூட இறங்காது. 150லிருந்து 200 டிகிரி வரை அச்சைச் சூடு பண்ணிட்டு ஆரம்பிங்க. டால்கம் பவுடருக்குப் பதில் மெழுகுவத்திச் சுடர்ல காட்டிக் கரி படிய வைக்கணும், இல்லேன்னா கிராஃபைட் தூள். அந்தக் கரிப் படலம் சூடு சீக்கிரம் இறங்காமத் தடுக்கும், உலோகம் ஒட்டாமலும் பார்த்துக்கும்.

இதுல ஒரு லாபம், உள்ளே கூடாக வார்க்கலாம். 1893ல இங்கிலாந்துல வில்லியம் பிரிட்டன் கம்பெனி கொண்டுவந்த முறை இதுதான். அச்சு நிறைய ஊத்தி, ஓரத்துல தோல் மாதிரி இறுகின உடனே கவிழ்த்து உள்ளே இருக்கறதைச் சட்டிலேயே கொட்டிடறது. உலோகமும் மிச்சம், எடையும் குறைவு. அந்த விலைக்கு ஜெர்மன் கெட்டிப் பொம்மைகளால போட்டி போட முடியல. எத்தனை விநாடில கவிழ்க்கணும்கிறது அச்சோட சூட்டைப் பொறுத்தது. ரெண்டு விநாடில ஆரம்பிச்சு, வந்ததை அறுத்துச் சுவர் தடிமனைப் பார்த்து ஒவ்வொரு விநாடியா கூட்டுங்க. ரப்பர் அச்சுல இதைச் செய்யாதீங்க, சூடு மெதுவா இறங்குறதால தோல் ஒரே சீரா படியாது. முதுகு தடிக்கும், மூக்குல ஓட்டை விழும்.

*

சொந்தமாக அச்சு செய்பவர்களுக்கு. சாதாரண சிலிக்கான் போதாது. டப்பாவில் 250 அல்லது 300 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கும் உலோக வார்ப்பு ரகத்தையே வாங்குங்கள். மூல உருவத்தைப் பாதி வரை களிமண்ணில் புதைக்க வேண்டும். பிரியும் கோடு தொப்பி, தோள், கை, கால் வெளியோரம் வழியாகப் போகட்டும், முகத்தின் நடுவே போகக் கூடாது. களிமண்ணில் பென்சில் முனையால் நாலைந்து குழி போட்டால் இரண்டு பாதியும் நழுவாமல் கவ்வும். பிளாட்டினம் வகை சிலிக்கான் என்றால் களிமண்ணில் கந்தகம் இருக்கக் கூடாது. இருந்தால் தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

முதல் பாதி இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு, சிலிக்கான் முகத்தில் வாசலின் மெல்லத் தடவ வேண்டும். ஓரிடம் விட்டாலும் இரண்டு பாதியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த பாதியை ஊற்றலாம். உருவத்தைச் சுற்றி 10 மில்லிமீட்டர் சுவராவது இருக்கட்டும்.

பலர் விட்டுவிடுவது கடைசிப் படி. இறுகிய அச்சை அப்படியே பயன்படுத்தினால் உள்ளே தங்கிய ஆவி சூட்டில் கிளம்பி, வார்ப்பெல்லாம் புள்ளிப் புள்ளியாக அம்மைத் தழும்பு போல வரும். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நாள் ஆறவிட்டு, 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டிவிட்டு ஊற்றுங்கள். பிளாஸ்டர் அச்சு வேண்டாம் என்பது என் கருத்து. வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். மேலே சொன்ன நீராவி ஆபத்து அங்கேதான் அதிகம்.

*

ஊற்றி முடித்தபின் சுத்தம் செய்வது. பிரிகோட்டுப் பிசிறை வெட்டாமல், 11ஆம் எண் பிளேடை நிமிர்த்திப் பிடித்துப் பின்னோக்கிச் சுரண்டுங்கள். வெட்டினால் உலோகத்துக்குள் கத்தி இறங்கும். பிறகு ஊசி அரம். வெள்ளீயமும் ஈயமும் அரத்தின் பல்லுக்குள் அடைந்துகொள்ளும். அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்துவைத்தால் அடையாது. ஈயம் என்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்காது. முகத்தில் அரம் வேண்டாம், மிக மெல்லிய ஸ்டீல் உல் போதும்.

கை, தலை, குதிரை மேல் வீரன் என்று தனித்தனியாக வார்த்தவற்றை வெறும் பசையில் ஒட்டினால் ஒருநாள் கழன்று விழும். இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளை போட்டு 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி செருகி, இரண்டு பகுதி எபாக்சியில் ஒட்டுங்கள். இடுக்கை எபாக்சிப் புட்டியால் நிரப்பி, ஈரமான தூரிகையால் வழித்துவிடலாம்.

பிறகு வினிகரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் பவுடரும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்ப் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும்.

*

கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு. வினிகர் வெள்ளீயத்துக்கு இருக்கட்டும், ஈயம் கலந்ததுக்கு ஒருபோதும் வேண்டாம் அண்ணா. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், இவ்வளவு போதும். பழைய ஈயப் பொம்மைகளில் வெள்ளையாகத் தூள் பூத்துக் கணுக்கால் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஈயக் கார்பனேட். அதைக் கிளப்பிவிடுவது அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம். இடுக்கில் துளி தங்கிவிட்டால் பெயின்டுக்கு அடியில் வேலையைத் தொடங்கும்.

இன்னும் மோசம், அமில ஆவி அலமாரியிலிருந்தே வரும். ஓக் மரமும் எம்.டி.எஃப் பலகையும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடியை ஒட்டும் சில சிலிக்கான் பசையில் அடிக்கும் புளித்த வாசனையும் அதுதான். கண்ணாடிப் பெட்டியை இறுக மூடினால் தூசி வராது, ஆனால் ஆவி உள்ளேயே சேரும். உலோகத் தட்டும் கண்ணாடியும் உள்ள அலமாரி, மேலே சிறு காற்றுத் துளை, இதுதான் ஈயத்துக்கு ஏற்ற வீடு. அடிப்பாகம் உட்பட முழு உருவத்துக்கும் பிரைமரும் (பெயின்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) வார்னிஷும் பூசுங்கள். பலரும் அடியை வெறுமனே விடுகிறார்கள், பூப்பது அங்கேதான் தொடங்குகிறது.

*

இனி வண்ணம். முதலில் எந்த மாதிரி வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பழைய பொம்மைப் பாணி என்றால் நிழல் கிடையாது, பளபள எனாமல், கன்னத்தில் ரோஸ் வட்டம், கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, கடைசியில் பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ். மாடல் பாணி என்றால் பளபளக்காத மேட் அக்ரிலிக், அடுக்கடுக்காக நிழலும் ஒளியும். இரண்டையும் ஒரே பொம்மையில் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். பொம்மைப் பாணி சுலபம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. நிழலில் ஒளித்துவைக்க வழியில்லாததால் ஒவ்வொரு ஓரமும் நேராக இருந்தாக வேண்டும்.

உலோகத்தின் மேல் நேராக அக்ரிலிக் பூசினால் நகம் பட்டாலே உரியும். ஸ்ப்ரே பிரைமரை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். அதைவிடத் தள்ளிப் பிடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல் போலப் படியும். ரொம்பக் கிட்டப் போனால் பொத்தான்கள் மூழ்கும்.

வரிசை: உள்ளிருந்து வெளியே. முகம், கை, பிறகு கோட்டு, கால்சட்டை, அதன்மேல் பட்டைகள், பொத்தான், கடைசியில் துப்பாக்கி. மிகச் சின்ன அளவான 000 தூரிகை வேண்டாம். நுனி கூர்மையாக நிற்கும் 1ஆம் எண் சேபிள் தூரிகையே சின்ன வேலைக்கும் நல்லது. 000 தூரிகையில் தங்கும் பெயின்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

சிவப்புக் கோட்டின் மேல் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைதான் எல்லோரையும் படுத்துவது. நேராக வெள்ளையைப் பூசினால் ஓரம் கோணும், சில சிவப்புகள் மேலே ஊறி வெள்ளையை ரோஸாக்கும். முதலில் பட்டை முழுவதும், இரண்டு பக்கமும் மயிரிழை வெளியே போகும்படி, அடர் பழுப்போ கறுப்போ பூசுங்கள். காய்ந்ததும் அதற்குள் வெளிர் சாம்பல், அதன் மேல் வெள்ளை. ஓரத்தில் மிஞ்சும் கறுப்புக் கோடு தானாகவே பட்டையைத் தூக்கிக் காட்டும். மஞ்சளும் அப்படித்தான், அடியில் வெளிர் பழுப்பு இல்லாமல் மூடாது. சுத்தக் கறுப்பைத் தொப்பிக்குப் பூசினால் விவரம் எல்லாம் மறையும், அடர் சாம்பலில் தொடங்குங்கள்.

சீருடையைப் பூசும் முன் எந்தப் படை என்று பாருங்கள். நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படைக்குச் சிவப்புக் கோட்டு, ஆனால் 95ஆம் ரைஃபிள் படைக்கு அடர் பச்சை. காலரும் கைமடிப்பும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் நிறம் மாறும். ராயல் பட்டம் பெற்றவற்றுக்கு அடர் நீலம். பிரெஞ்சு கார்டு கிரெனடியருக்கு நீலக் கோட்டு, வெள்ளை மார்மடிப்பு, சிவப்புத் தோள்பட்டை.

கண், 54 மில்லிமீட்டரில்: அடர் பழுப்பில் கிடைக்கோடு, அதற்குள் சற்றே சின்னதாக மங்கிய வெள்ளை, பிறகு மேல் இமையைத் தொடும்படி ஒரு பழுப்புப் புள்ளி. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் சற்றுத் திரும்பியிருந்தால் மாறுகண் தெரியாது. புள்ளி நடுவில் மிதந்தால் பேய் பார்த்தவன் மாதிரி முழிப்பான். பிசகினால் வெள்ளையைத் திருத்தாதீர்கள், தோல் நிறத்தால் கீழிருந்து மூடிவாருங்கள். 25 மில்லிமீட்டரில் வெள்ளையே வேண்டாம், ஒரு கருங்கோடு போதும்.

குதிரைக்கு ஆயில் பெயின்டை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வெளிர் மஞ்சள் பழுப்பு அக்ரிலிக் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) கலந்த ஆயிலை முழுவதும் பூசி, ஐந்து நிமிடம் கழித்து ஒப்பனை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால், மேடான தசையில் வெளிச்சமும் பள்ளத்தில் நிழலும் தானே நிற்கும். காய நான்கைந்து நாள் விடுங்கள். இது செம்பழுப்புக் குதிரை என்றால் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. பிடரியும் உடம்பும் ஒரே செந்நிறம் என்றால் கால் கறுப்பாக இருக்கக் கூடாது.

*

மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் பொம்மை முழுக்கப் பனி படர்ந்த மாதிரி வெளுத்துப் போச்சு. தூக்கிப் போட வேண்டியதுதானா?

*

வேண்டாம். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது அடித்தாலோ, டப்பாவைச் சரியாகக் குலுக்காமல் அடித்தாலோ இப்படி ஆகும். ஒருநாள் காயவிட்டு, தூரிகையால் கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். வெளுப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். அது காய்ந்தபின் ஈரப்பதம் குறைந்த நேரம் பார்த்து, டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, முதலில் ஒரு பழைய மூளிப் பொம்மையில் அடித்துப் பாருங்கள். அது தெளிவாகக் காய்ந்தால் இதற்கும் மேட் அடிக்கலாம்.